இருபது வரட்டும்

அந்த மூலையில் இருக்கும் குழாய் சொட்டுகிறது. உள்ளே வரும்போதே கவனித்தேன். வாசர் தேய்ந்திருக்கும், பத்து நிமிட வேலை. மாற்றும்வரை அடியில் ஒரு வாளியை வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் வீணாவதைப் பார்த்துக்கொண்டே பேசி எனக்குப் பழக்கமில்லை.

நன்றி. இனிப் பேசலாம்.

அதிகாரி அவர்களே, உங்கள் மேசைமேல் கிடக்கும் அந்த மரத்துண்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் அழைக்கவில்லை, நானாகவே வந்தேன் என்பதைத் தட்டச்சு செய்பவர் முதல் வரியிலேயே பதிந்துகொண்டால் நல்லது. வாக்குமூலங்களில் இப்படிப்பட்ட சிறு மரியாதைகள் விடுபட்டுப் போகின்றன.

நீர்த்தேக்கம் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். மலையின் இடுப்பில் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு மண்கரை. கரையை ஒட்டி நீருக்குள் நிற்கும் ஒரு கல் கோபுரம். கரையின் ஓரத்தில் உபரிநீரை வெளியேற்ற, சக்கரம் சுற்றித் தூக்கும் இரண்டு இரும்புக் கதவுகள். கீழே மூன்று ஊர்கள். மூன்று ஊர்களும் குடிப்பது, குளிப்பது, துவைப்பது, குழாயடியில் சண்டை போடுவது எல்லாம் அந்தக் கிண்ணத்தை நம்பித்தான். இருபத்திரண்டு ஆண்டுகள் அதற்குக் கண்காணிப்பாளராக இருந்தவன் நான்.

கோபுரத்தின் சுவரில் செங்குத்தாக ஒரு மரப்பலகை உண்டு. அடியிலிருந்து உச்சிவரை இருபத்து நான்கு அடி. அடிக்கு ஓர் எண். நீர் எந்த எண்ணைத் தொட்டு நிற்கிறதோ அதுவே அன்றைய மட்டம். இருபத்து நான்கு என்பது மண்கரையின் உச்சி. நீர் அங்கே போகவே கூடாது. போனால் மண் கரையும். ஆகவே பலகை இருபதைக் காட்டியதும் கதவுகளைத் தூக்கிவிட வேண்டும் என்பது விதி. மட்டம் மூன்றுக்கு இறங்கினால் ஊர்களுக்குப் போகும் குழாயை மூடிவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. இந்த இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையின் கடைசி மூன்று ஆண்டுகள் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

வெயில் காலம் தொடங்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிப்போம். துண்டு துண்டாகக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, தேய்த்து, வெள்ளை பூசி, மேலே கறுப்பில் எண் எழுதி, காயவைத்து, மறுபடி பொருத்தப் பன்னிரண்டு நாள் ஆகும். தேய்ப்பதும் பூசுவதும் மதகுக்காரர் வேலை. எண் எழுதுவது மட்டும் என் வேலை. இளமையில் பொதுக்கூட்டங்களுக்குச் சுவர் எழுதியவன் நான். நான் எழுதிய அறைகூவலைப் படித்துவிட்டு எழுந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்து நின்றவர்கள் உண்டு.

உங்கள் முதல் அறிக்கை, பலகையில் இருக்கும் எண்களை மதகுக்காரர் தவறாக எழுதியதாகச் சொல்கிறது. மதகுக்காரர் என் தங்கையின் கணவர். அறிக்கையைப் படித்த நாளிலிருந்து எனக்கு உறக்கமில்லை. மாப்பிள்ளை நல்ல மனிதர். அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் அவர் எழுதும் எட்டு, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்திருக்கும். மேசைமேல் இருக்கும் இந்த எட்டைப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கி, தோள் நிமிர்ந்து நிற்கிறது. நாற்பது ஆண்டு உழைத்து வந்த கை இது. இதை இன்னொருவர் பெயரில் எழுதிவைப்பது அறமல்ல.

உங்கள் ஆய்வுக்கூடத்தார் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள். எட்டுக்கு அடியில் பத்து, பத்துக்கு அடியில் பதினொன்று, பதினொன்றுக்கு அடியில் பன்னிரண்டு. சரியாகவே சுரண்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு அடி நீர் நின்ற இடத்தில் எட்டு என்று எழுதியவன் நான்.

உங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா? பெரும்பாலான வீடுகளில் காட்டுவதில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் பிந்தக்கூடாது என்று ஐந்து நிமிடம் கூட்டி வைத்திருப்பார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை; பொறுப்பு என்கிறோம். நான் செய்தது அதுதான். என் வீடு கொஞ்சம் பெரியது. மூன்று ஊர்.

எப்படித் தொடங்கியது என்று கேட்கிறீர்கள். ஒரு கூட்டத்தில் தொடங்கியது. நீர்ச் சிக்கனப் பேரவை என்று ஓர் அமைப்பு இருந்தது. நிறுவனர், தலைவர், சிறப்புப் பேச்சாளர் மூவரும் நானே. கீழூர் நகர மன்றத்தில், 'ஒரு சொட்டும் ஓர் உயிரே' என்ற தலைப்பில் உரை. வந்தவர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் மின்விசிறிக்காக வந்தவர்கள். ஒருவர் நடைப்பயிற்சிக்குப் போகும் வழியில் செருப்பில் கல் குத்தியதால் உட்கார்ந்தவர். அந்தப் பதினொரு பேருக்கும் இரண்டு மணி நேரம் பேசினேன். பேசிவிட்டு வெளியே வந்தால், மன்றத்தின் வாசலிலேயே ஒரு தெருக்குழாய் திறந்தபடி சாக்கடைக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. என் உரையைக் கேட்டவர்களில் ஒருவர் அதில் கால் கழுவிவிட்டு, மூடாமலேயே போனார். போகும்போது என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அடுத்த வாரம் பலகைக்குப் பெயிண்ட் அடிக்கும் வாரம். ஒவ்வோர் எண்ணையும் ஒன்று குறைத்து எழுதினேன். இருபத்து நான்கு இருந்த உச்சியில் இருபத்து மூன்று. அடியில் ஒன்று இருந்த இடத்தைக் கறுப்பாக அடித்து, அது சேறு என்று விட்டுவிட்டேன். கை நடுங்கியதா என்று நாவல்களில் கேட்பார்கள். நடுங்கியிருந்தால் எண் கோணியிருக்கும்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பலகை கோபுரத்துக்குத் திரும்பியபோது நீர் ஓர் அடி குறைந்திருந்தது. வெயில் குடித்துவிட்டது என்றார்கள். சொன்னது நானல்ல, நகராட்சிப் பொறியாளர் சொன்னார், நாளிதழ் சொன்னது, தேநீர்க் கடைகள் சொல்லின. நான் தலையை மட்டும் அசைத்தேன். நாலு மணி நேரம் வந்த குழாய்த் தண்ணீர் மூன்று மணி நேரமாயிற்று. அடுத்த மாதக் கூட்டத்துக்கு இருநூறு பேர். நடுவில் எழுந்து போனவர் ஒருவருமில்லை. இருபது ஆண்டு மேடையில் முடியாததை ஒரு தூரிகை பன்னிரண்டு நாளில் முடித்துக்கொடுத்தது.

நகராட்சித் தலைவி உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு பேருந்தில் மேலே வந்தார். கரையில் வரிசையாக நின்றார்கள். அவர்கள் காலடியில் தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் அதன் ஆழம் தெரிந்திருக்கும். ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிவிட்டால் உண்மை நனைந்து வந்திருக்கும். ஒருவரும் தண்ணீரைப் பார்க்கவில்லை. தொலைநோக்கியை எடுத்துப் பலகையைப் பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், கவலைப்பட்டார்கள், பேருந்தில் ஏறினார்கள். எழுதிவைத்திருப்பதற்கெல்லாம் தலையாட்டும் கூட்டமே என்று ஆயிரம் மேடைகளில் இவர்களைத்தான் இடித்துரைத்தேன். கண்ணைத் திற, கேள்வி கேள், எழுதியவன் யார் என்று கேள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். அவர்கள் கேட்டிருந்தால் அன்றே மாட்டியிருப்பேன். என் கொள்கையை அவர்கள் ஏற்காததுதான் என்னைக் காப்பாற்றியது. இதில் வருந்த வேண்டியவர்கள் அவர்கள்.

தலைவி போகும்போது, குளிர்ந்த நீர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

“ஐயா, நீங்க பேசினா எனக்கே தாகம் அடங்கிடுது.”

அவர் வீட்டு முன்வாசலில் ஒரு நீரூற்று உண்டு. மூன்று ஆண்டும் அது ஓய்ந்ததில்லை. சிக்கனம் எல்லோருக்கும் பொது. தண்ணீர் லாரி வீட்டுக்கு வரக்கூடியவர்களுக்கு அது கொள்கையளவில் பொது.

இரண்டாம் ஆண்டு இன்னோர் அடி. மூன்றாம் ஆண்டு இரண்டு அடி. ஏன் இரண்டு என்றால், ஓய்வு பெற எனக்கு அதிக நாள் இல்லை. அப்போது பலகையின் உச்சி எண் இருபது ஆயிற்று. இருபதில் கதவைத் தூக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருந்தது. ஆக, விதிப்படி கதவு தூக்கும் நேரத்தில் நீர் கரையின் உச்சிக்கே வந்திருக்கும். இது எனக்குத் தெரியுமா என்கிறீர்கள். கழித்தல் கணக்கு, அதிகாரி அவர்களே. மூன்றாம் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் மழை ஏமாற்றிக்கொண்டே இருந்தது. நீர் அவ்வளவு உயரும் என்று யார் கவலைப்பட்டார்கள்?

மாப்பிள்ளை கவலைப்பட்டார்.

அவரும் தங்கையும் கரைக்குக் கீழே, கதவுகளுக்குப் பக்கத்தில் இருந்த அரசுக் குடியிருப்பில் இருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, சன்னலைத் திறந்தால் கரையின் புல்சரிவு. என் வீடு மேலே குன்றின்மீது. ஞாயிறு மதியம் அங்கேதான் எனக்குச் சாப்பாடு. தங்கைக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. நாக்கு மட்டும் எட்டு வயது கூடுதல். மாப்பிள்ளை அதிகம் பேசமாட்டார். தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் ஊரில் அவருக்கு மீன்கொத்தி என்று பெயர். தினமும் காலையில் கோபுரத்துப் படிகளில் இறங்கி, நீர் தொடும் படியில் நின்று முகம் கழுவுவது அவர் பழக்கம். அந்தப் பழக்கம்தான் வம்பாயிற்று.

மூன்றாம் ஆண்டு கோடையில் ஒரு ஞாயிறு. சோற்றைப் பிசைந்தபடி, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

“மச்சான், பலகை மூணு காட்டுது. ஆனா படி சரியா வரலையே.”

“என்ன சரியா வரலை?”

“மூணு அடின்னா மேலேருந்து நாப்பத்திரெண்டு படி காய்ஞ்சு கிடக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் எண்ணியிருக்கேன். இப்ப முப்பத்தஞ்சாவது படியிலயே கால் நனையுது.”

“கோபுரம் இறங்குது மாப்பிள்ளை. கல்லுக்கும் வயசாகும்.”

அவர் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தார். என்மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு. தங்கை அகப்பையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“கோபுரம் இறங்கினா அதுல அடிச்ச பலகையும் கூடவே இறங்காதா அண்ணா?”

“நீ குழம்பைப் பாரு.”

“குழம்பு அது பாட்டுக்குக் கொதிக்குது. எனக்குப் பதில் சொல்லு. பலகை முன்னாடி இருபத்து நாலுல முடியும். இப்ப இருபதுல முடியுது. மிச்ச நாலு எங்க போச்சு? நீ சாப்பிட்டுட்டியா?”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். குடும்பத்தில் விவாதம் செய்யக்கூடாது என்பது என் கொள்கை. பைக்குள் இருந்த துண்டறிக்கை ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதை வாங்கி, முதல் வரியைப் படித்து, நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை ஆடுவது நின்றது.

“பரவாயில்லை அண்ணா. உன் எழுத்தால ஒரு நன்மை.”

மாப்பிள்ளை மேலே புகார் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவருக்கு முன்பிருந்த மதகுக்காரரை, ஒரு மழைக்காலத்தில் பலகை பத்தொன்பது காட்டும்போதே கதவைத் தூக்கியதற்காக நான் வேலையிலிருந்து நீக்கியிருந்தேன். அது மாப்பிள்ளைக்குத் தெரியும். அந்த வேலைக்கு அவரைக் கொண்டுவந்ததும் நான்தான் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

அந்தக் கோடையில் பத்தொன்பது நாள் ஊர்களுக்குக் குழாய் மூடியிருந்தது. மூன்று என்றால் மூட வேண்டும், விதி. உண்மையில் ஏழு அடி இருந்தது என்று நீங்கள் சொல்வது சரி. மாலை வேளைகளில் கரையில் நடப்பேன். கீழே மூன்று ஊர்களும் குடங்களை வரிசையில் வைத்துக் காத்துக்கொண்டிருக்கும். மேலே அந்த நான்கு அடி நீர், யாருக்கும் தெரியாமல், வெயில் சாயும்போது செம்பு நிறமாகக் கிடக்கும். மூன்று ஊருக்கும் நான் ஒருவன் சேமித்துவைத்த நீர். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நெஞ்சு நிறையும். சேமிப்பவனுக்கு மட்டுமே தெரிந்த நிறைவு அது.

அந்தப் பத்தொன்பது நாளில் கீழூரில் ஒன்பது குழந்தைகள் வாந்திபேதியில் இறந்தன. சாயப்பட்டறைக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது. அந்த நீரைக் கொடுத்திருக்கிறார்கள். கொதிக்கவைத்துக் கொடுத்திருக்கலாம். என் துண்டறிக்கையின் நான்காம் பக்கத்தில், எல்லோருக்கும் புரியும் நடையில், கொதிக்கவைக்க வேண்டிய நேரத்தைக்கூடக் குறிப்பிட்டிருக்கிறேன். படிப்பறிவின்மை ஒரு சமூகத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. இரங்கல் கூட்டத்தில் நான் பேசினேன். ஒரு தாய் முன்வரிசையில் உட்கார்ந்து இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு கவனமாகக் கேட்டவரை நான் முன்பு கண்டதில்லை.

ஒருநாளாவது திறந்துவிட்டிருக்கலாமே என்கிறீர்கள். திறந்திருந்தால் பாடம் கலைந்திருக்கும். அத்தோடு, மூன்று காட்டும் பலகையிலிருந்து எந்தத் தண்ணீரைத் திறந்தேன் என்று கேட்டிருப்பார்கள்.

பிறகு மழை வந்தது. மூன்று ஆண்டு பாக்கியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்தது. நான்கு நாள் விடாமல் கொட்டியது. அந்த நான்காம் நாள் மாலை நான்கு மணிக்குத்தான் கீழூர் நகர மன்றத்தில் எனக்குப் பாராட்டு விழா. 'சிக்கனச் செம்மல்' என்று பட்டம். எனக்குப் பின்னால் பெரிய துணிப்பதாகையில் என் படமும், படத்துக்குப் பக்கத்தில் அளவுப் பலகையின் படமும். மூன்றிலிருந்து பதினெட்டுக்கு உயர்த்திய பெருமகன் என்று எழுதியிருந்தார்கள். மழை செய்ததை என் பெயரில் எழுதியிருந்தார்கள். திருத்துவது நாகரிகமாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

மன்றம் நிரம்பி வழிந்தது. கூட்டத்துக்கு வருவோருக்கு ஒரு குடம் நீர் கூடுதல் என்று பேரவை அறிவித்திருந்தது. பலகை இன்னும் இருபதைத் தொடாததால் பங்கீடு நடப்பில் இருந்தது. எனவே மக்கள் கொட்டுகிற மழையில் குடைபிடித்து, காலிக் குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர்ச் சீட்டு வாங்க வரிசையில் நின்றார்கள். குடத்தை நிமிர்த்திப் பிடித்திருந்தாலே நிறைந்திருக்கும். ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று ஆண்டில் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள். மேடையேறும் முன் அந்தக் காட்சியைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு சீர்திருத்தக்காரனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் அப்படி ஒரு காட்சி கிடைக்கும்.

மேடைக்குப் பின்னால் மேலாளர் அறையில் தொலைபேசி அடித்தது. எனக்கு என்றார்கள். கோபுரத்து அறையிலிருந்து மாப்பிள்ளை.

“மச்சான், பலகை பதினெட்டுதான் காட்டுது. ஆனா தண்ணி கரைப்புல்லுக்கு வந்துடுச்சு. இன்னும் ரெண்டே அடிதான் பாக்கி. கதவைத் தூக்கிடட்டுமா?”

“விதி என்ன?”

“இருபது.”

“அப்புறம் என்ன?”

“விதி சரிதான் மச்சான். கண்ணுக்கு வேற மாதிரி தெரியுதே.”

பிறகு தங்கை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டாள். மழை இரைச்சலில் கத்திப் பேச வேண்டியிருந்தும் அவள் கத்தவில்லை.

“அண்ணா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பேச்சு வேண்டாம். அந்தப் பலகையில நீ எத்தனை அடி மறைச்சே?”

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நாங்க வேணா குன்று மேல ஏறித் தப்பிச்சுக்குவோம். கீழே பள்ளத்தெருவுல குஞ்சு குளுவான்லாம் வீட்ல இருக்கு அண்ணா. ஒரு கதவு ஏற முக்கால் மணி ஆகும். இப்பவே சுத்த ஆரம்பிச்சா உண்டு. நம்பர்கூடச் சொல்ல வேண்டாம். தூக்குன்னு மட்டும் சொல்லு. உன் மேல ஒரு பேச்சு வராம நான் பாத்துக்கறேன். எம்மேல சத்தியமா.”

மேடையில் என் பெயருக்கு முன்னால் போடும் அடைமொழிகளைத் தலைவி படித்துக்கொண்டிருந்தார். ஏழாவது அடைமொழியில் இருந்தார். கைதட்டல் கேட்டது. பதினெட்டில் கதவைத் தூக்கச் சொன்னால், ஏன் பதினெட்டில் என்று நாளைக்குக் கேட்பார்கள். கேட்டால் பலகையைக் கழற்றுவார்கள். கழற்றினால் மூன்று ஆண்டுப் பாடமும், ஆயிரம் பேரும், அந்தக் கவிழ்ந்த குடங்களும், எல்லாமே ஒரு பெயிண்டர் செய்த பித்தலாட்டம் என்று ஆகிவிடும். இவ்வளவையும் அந்த ஒரு கணத்தில் யோசித்தேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும். யோசிக்க ஒன்றுமில்லை.

“இருபது வரட்டும்” என்றேன்.

அவள் கணவரிடம் சொன்னது மழைச்சத்தத்தோடு கேட்டது. “வாங்க. சக்கரத்துக்கு ரெண்டு பேர் வேணும்.” என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. வைக்கிறேன் என்றுகூட.

நான் மேடையேறினேன்.

அன்று பேசியதுபோல் நான் என்றும் பேசியதில்லை. தாகத்தின் வரலாற்றில் தொடங்கினேன். துளியைக் காக்கத் தெரியாதவன் தோழமையைக் காக்க மாட்டான் என்றேன், கைதட்டல். தூங்கும் சமூகமே, உன் கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார் என்றேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. வெளியே ஓர் இரைச்சல் கேட்டது. அதையும் நான் கைதட்டல் என்றுதான் முதலில் எண்ணினேன்.

மற்றது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. நகர மன்றம் மேட்டில் இருப்பதால், கரை உடைந்து வந்த வெள்ளம் படிக்கட்டோடு நின்றுவிட்டது. கூட்டத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். இறந்த நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொருவர் கூட்டத்துக்கு வராமல் பள்ளத்தெரு வீடுகளில் இருந்தவர்கள். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன்.

மற்ற இருவர் சக்கரத்தருகே கிடைத்தார்கள். ஒரு கதவு முழுதாக ஏறியிருந்தது; இன்னொன்று கால்வாசி. அந்தத் திறப்பு இல்லாதிருந்தால் கரை முக்கால் மணி முன்னதாகவே, ஒரே மூச்சில் போயிருக்கும், மன்றமும் மிஞ்சியிருக்காது என்று உங்கள் பொறியாளர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் பலகை பதினெட்டில் கதவைத் தூக்கியது விதிமீறல் என்பதும் உண்மை. குறிப்பேட்டில் பதிய வேண்டியது என் கடமை. குறிப்பேடு வெள்ளத்தோடு போய்விட்டது. அதனால் என் தங்கையின் பெயரில் அப்படி ஒரு குறை எழுத நேரவில்லை. ஓர் அண்ணனாக அதில் எனக்கு ஆறுதல்தான்.

குடியிருப்பு இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேசை மட்டும் சேற்றில் கவிழ்ந்து, நாலு காலும் மேலே தூக்கிக் கிடந்தது. துண்டறிக்கையைத் தேடினேன். கிடைக்கவில்லை. அதில் என்னிடம் வேறு பிரதி இல்லை.

ஆக, பதிந்துகொள்ளுங்கள். பலகையின் எண்களை மூன்று முறை மாற்றி எழுதியவன் நான். எழுதும்போது என்ன எழுதுகிறேன் என்று தெரிந்தே எழுதினேன். பத்தொன்பது நாள் தண்ணீர் இருந்தும் மூடிவைத்தவன் நான். இருபது என்றால் கரையின் உச்சி என்று தெரிந்தே இருபது வரட்டும் என்று சொன்னவனும் நான். என் மாப்பிள்ளைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. முக்கியமாக அந்த எட்டில். தட்டச்சு முடிந்ததும் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. அன்று வெள்ளம் வந்த குழப்பத்தில் என் உரை பாதியில் நின்றுவிட்டது. முடிவுரை மட்டும்தான் பாக்கி, ஐந்து நிமிடம். உங்களுக்கும் தட்டச்சு செய்பவருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் அதை இப்போது நின்றுகொண்டு சொல்லிவிடுகிறேன். அந்த வாளியை மட்டும் யாராவது மாற்றி வையுங்கள். நிரம்பப்போகிறது, நீங்கள் யாரும் பார்க்கவில்லை.